வரிசையும் எதிராளியும்

சிலம்பம் பழகும் இளைஞரிடையே இன்று அடிக்கடி எழும் வினா ஒன்றுண்டு. மாதக்கணக்காய், சில இடங்களில் ஆண்டுக்கணக்காய், எதிரே எவரும் நில்லாதபோது, சொல்லித்தந்த ஒழுங்கிலேயே அடிபெயர்த்துக் காற்றில் கம்பு வீசிச் செய்யும் ‘வரிசை’ உண்மையான சண்டையில் உதவுமா என்பதே அவ்வினா. உதவாது, அது வெறும் ஆட்டம் என்பர் ஒரு சாரார். முன்னோர் வகுத்த வரிசையில் யாவும் அடங்கியுள்ளன, அதை ஐயுறுவது குருநிந்தை என்பர் மறுசாரார். இரு சாராரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வரிசைக்கும் ஒரு வரலாறு உண்டு. அதை யார் பழகினர், யாருக்காகப் பழகினர், யாருடைய சட்டத்துக்கு அஞ்சி மறைவிற் பழகினர் என்றெல்லாம் கேளாமல், அதன் பயனை மட்டும் தனியே எடுத்து நிறுத்துப் பார்த்தல் இயலாது.

கொட்டியாரக் குடாவின் கரையில் வாழும் நமக்கு இது புத்தகத்திற் படித்து அறியவேண்டிய செய்தியன்று. மூதூர், கிண்ணியா முதலிய ஊர்களில் முஸ்லிம் மக்கள் திருமண ஊர்வலங்களிலும் பெருநாள்களிலும் சீனடியும் சிலம்படியும் ஆடுவர். தமிழ்ச் சிற்றூர்களில் கோயில் திருவிழாக்களில் அதே கம்பு சுழலும். பெயர் வேறு, தொடக்கத்தில் வணங்கும் கடவுட் பெயர் வேறு, காலடி ஒன்றே. சிங்கள மக்களும் இம்முறையைச் ‘சீனடி’ என்றே அழைக்கின்றனர். மூன்று இனத்தார் வாயிலும் ஒரே சொல் வழங்குவதை மொழி ஆராய்ச்சியாளர் மாத்திரமன்றி அரசியல் பேசுவோரும் சற்றுக் கவனித்தல் நலம்.

வரிசையில் என்னதான் இருக்கிறது என்று முதலிற் பார்ப்போம். பழகுபவனின் நெற்றி உயரம் அளவான கம்பு சுழலும்போது வேகம் முழுவதும் அதன் நுனியில் இருக்கும். கைப்பிடியை நெருங்க நெருங்க அந்த வேகம் குறையும். ஆகவே நுனி எட்டாத தொலைவில் நிற்பவனுக்கு ஆபத்து இல்லை. கைப்பிடிக்கு நெருங்கிவிட்டவனுக்கும் ஆபத்துக் குறைவு. இரண்டுக்கும் இடையில் உள்ள சில அடித் தூரமே சாவின் எல்லை. அந்த எல்லைக்குள் எப்பொழுது புகுவது, எப்பொழுது விலகுவது என்பதைத் தீர்மானிப்பது கையன்று, காலே. எனவேதான் பழைய ஆசான்மார் மாணவன் கையில் உடனே கம்பைக் கொடுப்பதில்லை. கால் வைக்கும் இடம், உடல் திரும்பும் கோணம், எடை ஒரு காலிலிருந்து மறுகாலுக்கு மாறும் கணம் ஆகியவற்றை உடம்பு தானாகவே செய்யும்வரை காலடி எடுப்பிப்பார்கள். அச்சம் மேலிட்ட வேளையில் சிந்தனை நின்றுவிடும். பழகிய கால் நிற்பதில்லை. வரிசையின் முதற்பயன் இதுவே. (தூரம் அறியாமல் மாட்டிக்கொண்டவரின் கதை நம் ஊரிலேயே உண்டு. 1660ஆம் ஆண்டில் கொட்டியாரத்தில் கரையிறங்கிய ஆங்கிலக் கப்பற் தலைவரையும் அவர் மகன் ரொபேட் நொக்ஸையும் கண்டி மன்னனின் ஆட்கள் நயமாக அழைத்துச் சிறைபிடித்தனர். கப்பலிலிருந்த பீரங்கிகள் கப்பலிலேயே இருந்தன. மகன் தப்பிச் செல்லப் பத்தொன்பது ஆண்டுகள் ஆயின.)

வரிசையின் இரண்டாவது பயனைப் பலர் எண்ணிப்பார்ப்பதில்லை. முழு வேகத்தில் தலைக்கோ முழங்காலுக்கோ வீசிய கம்பு எலும்பை முறிக்கும். உடன்பழகும் தோழன்மேல் அவ்வாறு வீச முடியாது. வேகத்தைக் குறைத்து வீசினால் உண்மையான வீச்சு பழக்கத்தில் வராது. அந்த வேகத்தைத் தடையின்றிப் பழகத்தக்க இடம் வெறுங்காற்றுத்தான். ஆனால் காற்று திருப்பி அடிப்பதில்லை என்பதும் அதே அளவுக்கு உண்மை. எதிராளியின் தோள் அசைவைக் கண்டு அடி எங்கே விழும் என்று முன்னுணரும் கண் வரிசையில் வளராது; எதிரே ஒருவன் நின்று, எப்பொழுது அடிப்பான் என்று தெரியாதபடி அடித்தால் மாத்திரமே அது வளரும். விளையாட்டுத் திறன் பற்றிய இக்கால ஆய்வுகளும் இதனையே வலியுறுத்துகின்றன.

இந்த இரண்டு பக்கத்தையும் நம் மரபு அறிந்தே இருந்தது. குமரிப் பகுதியின் அடிமுறையில் ஒற்றைச்சுவடு, இரட்டைச்சுவடு, கூட்டச்சுவடு என்று வரிசைகள் வளர்கின்றன. பெயரிலேயே எதிராளியின் எண்ணிக்கை குறிக்கப்படுகிறது! கேரளத்துக் களரியில் முதற்படி மெய்ப்பயற்று. ஆசான் வாய்த்தாரி சொல்ல, மாணவன் அதற்கேற்பத் தனியே உடலை வளைத்துப் பழகுவான். இரண்டாவது படியான கோல்தாரியில் கம்பு வருகிறது. கம்போடு எதிராளியும் வந்துவிடுகிறான். மூன்றாவதாகிய அங்கத்தாரியில் இரும்புக் கருவிகள். வெறுங்கைச் சண்டை எல்லாவற்றுக்கும் கடைசி. தனி வரிசையைத் தொடக்கப் பள்ளியாக மாத்திரமே வைத்த மரபு இது. தொடக்கப் பள்ளியிலேயே வாழ்நாள் முழுவதும் இருந்துவிட்டுப் பட்டம் பெற்றதாகக் கூறுவதை அம்மரபு ஏற்றிராது.

பழந்தமிழ் இலக்கியத்திலும் இவ்விரு பக்கமும் காணக் கிடைக்கின்றன. கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற போரைச் சாத்தந்தையார் புறநானூற்றின் 80ஆம் பாட்டிற் பாடுகிறார். ஒரு கால் மல்லனின் மார்பை அழுத்த, மறுகால் அவன் செய்யும் உபாயத்தைத் தாங்கிப் பின்னே நிற்பதை அப்புலவர் காட்டும் நுட்பம், மற்போர் அறிந்தவர் கண்ணுக்கே புலப்படக்கூடியது. சிலப்பதிகாரக் கடலாடு காதையிலோ மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்றாக ‘மல்’ வருகிறது. மாயோன் வாணனோடு பொருத போர் அங்கே மேடைக்கு உரிய ஆடலாகிவிட்டது. ஆமூரில் எதிராளி உண்டு; புகாரில் இல்லை. போரில் பிறந்த அசைவு கலையாக மலர்வதை இழிவென்று கூறுவது என் கருத்தன்று. ஆயினும் ஆடலைப் போர் என்று மயங்கியவன் ஆமூரில் ஒரு நாழிகையும் நின்றிருக்க மாட்டான்.

இனி அண்மைக்கால வரலாற்றுக்கு வருவோம். 1801ஆம் ஆண்டு அக்டோபரில் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். தென்பாண்டிச் சீமையின் பாளையக்காரர் எழுச்சி இரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டது. அவ்வாண்டு டிசம்பர் முதல் நாள் சென்னை ஆளுநர் எட்வர்ட் கிளைவ் ஓர் அறிக்கை வெளியிட்டார். கோட்டைகள் இடிக்கப்பட வேண்டும், போர்க்கருவிகள் ஒப்படைக்கப்பட வேண்டும் என்பது அதன் சாரம். மலபாரில் பழசி இராசாவின் எழுச்சி நடந்துகொண்டிருந்த 1804இல் கருவி ஏந்துவோரை நாடுகடத்த ஆணை பிறந்தது. 1878இல் லிட்டன் பிரபுவின் ஆயுதச் சட்டம் இந்தியா முழுமைக்கும் வந்தது. இலங்கையில் 1818ஆம் ஆண்டு ஊவா எழுச்சிக்குப் பின் தம் கலை மறைவுக்குச் சென்றதாக அங்கம்பொர மரபினர் கூறுவர். ஏகாதிபத்தியம் மக்களின் வீரத்தை வெறும் சொல்லாகக் கருதவில்லை. கருவியாகவே கண்டு அதைப் பறித்தது.

வாளையும் ஈட்டியையும் பறிக்கலாம். மாடு மேய்ப்பவன் கைத்தடியையும் வயற்காவலன் கைக்கம்பையும் எந்த ஆளுநராலும் பறிக்க முடியாது. மூங்கில் எஞ்சியது. அதனோடு வரிசையும் எஞ்சியது. எழுத்தறியாத உழவன் மகனுக்கு ஏடு இல்லை. அவன் பாட்டன் அறிந்த தற்காப்புப் பாடம் முழுவதும் ஓர் ஒழுங்கில் கோத்த அடிகளாக உடலில் எழுதப்பட்டது. அதை எவராலும் சோதனையிட்டுக் கைப்பற்ற இயலாது. திருவிழாவில் ஆடினால் ஆட்டம். கல்யாண ஊர்வலத்தில் ஆடினால் களிப்பு. கிழக்கிலங்கையின் வடமோடிக் கூத்தில் அருச்சுனனும் கர்ணனும் பொருதும்போது வீசும் வாளிலும், வட்டமிட்டுப் பாயும் ஆட்டத்திலும் இத்தகைய பழைய பயிற்சியின் சாயல் தெரிகிறது என்பது என் எண்ணம். பேராதனையில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1962இல் ‘கர்ணன் போர்’ கூத்தையும் 1964இல் ‘இராவணேசன்’ கூத்தையும் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தபோது, படித்த நகரத்தார் அதுவரை நாட்டார் ஆட்டமென்று ஒதுக்கியதன் கம்பீரத்தைக் கண்டனர்.

ஆயின் இப்பாதுகாப்புக்கு ஒரு விலை கொடுக்க நேர்ந்தது. ஊர்வலத்தில் ஆடும் வரிசைக்குப் பார்வையாளர் உண்டு, எதிராளி இல்லை. பார்வையாளர் கைதட்டும் அசைவு வளரும். கைதட்டாத அசைவு தேயும். உயரத் தாவுவதும், தீப்பந்தம் கட்டிச் சுழற்றுவதும் வளர்ந்தன. கணுக்காலைத் தாழ அடித்துவிட்டு ஓரடி விலகும் எளிய பாடம் யார் கண்ணுக்கும் அழகாகத் தெரிவதில்லை. வரிசை பயனற்றது என்று இன்று ஏளனம் செய்வோர், அடக்குமுறையின் கீழ் மெலிந்த உடலைக் கண்டு இவன் பிறவியிலேயே நோயாளி என்று முடிவுகட்டும் மருத்துவரை ஒத்தவர்கள்.

கம்பின் வரலாறு முழுவதும் மக்கள் பக்கமே நின்றதென்று கூறினால் அது பொய்யாகும். வங்காளத்தில் ஜமீன்தார்களும் அவுரித் தோட்டத் துரைமாரும் ‘லாட்டியால்’ என்னும் கம்பாட்களைக் கூலிக்கு வைத்திருந்தனர். வாரம் கொடுக்க மறுத்த குடியானவன் முதுகில் விழுந்தது வரிசை பழகிய கம்புதான். நம் பக்கத்துப் பண்ணையாரின் அடியாட்களும் வேறல்லர். கலைக்கு வர்க்கம் இல்லை என்போர் அக்கம்பின் மறுமுனையில் நின்றவனைக் கேட்டுப் பார்க்கட்டும்.

1859–60இல் அவுரி பயிரிட மறுத்து வங்க உழவர் எழுந்தனர். அக்காலத்தில் ஒரு பாதிரியார் எழுதிய கடிதத்திலிருந்து ஊரார் தம்மைப் படைப் பிரிவுகளாக வகுத்துக்கொண்ட விதத்தை அறிகிறோம். வில்லேந்தியோர் ஒரு பிரிவு. கவண் எறிவோர் ஒரு பிரிவு. செங்கற்களும் கெட்டியான வில்வக் காய்களும் எறிவோர் வேறு. பித்தளைத் தட்டுகளைக் கிடையாக வீசுவோர் வேறு. சுட்ட மட்பாண்டங்களோடு பெண்கள் ஒரு பிரிவு. கம்பு பழகியவர்களும் ஒரு பிரிவாக அங்கு நின்றனர். ஈட்டியேந்தியோர் சிலரே. இந்தப் பட்டியலை நான் மாணவருக்குப் படித்துக் காட்டுவதுண்டு. சமையற்கட்டின் தட்டு கருவியாவதற்கு எந்த ஆசானும் வரிசை வகுக்கவில்லை. போராட்டத்தின் தேவை அதை வகுத்தது.

ஏங்கெல்ஸ் ‘டூரிங்குக்கு மறுப்பு’ நூலில் பலாத்காரம் பற்றி ஆராயும் பகுதியில் இதற்கு இணையான செய்தி ஒன்றைக் குறிப்பிடுகிறார். அமெரிக்க விடுதலைப் போரில் அணிவகுப்புப் பழகாத குடியேற்றத்தார், பழகித் தேர்ந்த கூலிப்படையைத் திணறடித்தனர். அவர்கள் நெருக்கமான வரிசையில் நில்லாமல் சிதறி நின்று, மறைந்திருந்து சுட்டனர். தம் சொந்த நலனுக்காகப் போரிட்டனர். புதிய போர்முறை மேதாவித் தளபதியின் மூளையிலிருந்து உதிப்பதில்லை என்பதும், கருவியும் அதை ஏந்தும் மனிதனும் மாறும்போது அது மாறுகிறது என்பதும் அவர் வாதம். வரிசையை வழிபடுவோரும் வரிசையை வெறுப்போரும் ஒருங்கே படிக்க வேண்டிய பகுதி அது.

பயிற்சி முழுவதும் வீண் என்று இதனாற் கொள்ளலாகாது. சீனத்தில் கடற்கொள்ளையரை எதிர்த்துப் போரிட்ட தளபதி சி ஜிகுவாங் 16ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதிய படைப்பயிற்சி நூலில் கைச்சண்டை நிலைகள் முப்பத்திரண்டைச் சேர்த்திருக்கிறார். சேர்த்தவர், இக்கலை பெரும்போரில் நேரே பயன்படுவதன்று, கைகால்களைப் பழக்கிப் புதியவனை ஆயத்தப்படுத்துவதற்கே உரியது என்று ஒளிவின்றிச் சொல்லியும் விடுகிறார். பூவேலைப்பாடான ஆட்டங்களை அவர் கடுமையாக வெறுத்தார். அவர் படையில் சேர்ந்தவர் பெரும்பாலும் யீவூ பகுதியின் உழவரும் சுரங்கத் தொழிலாளருமே. அவர்களைப் பன்னிருவர் கொண்ட சிறு குழுக்களாக்கி, ஒருவன் கேடயம், ஒருவன் ஈட்டி என்று பிரித்து, ஒருவருக்கொருவர் துணைநிற்கப் பழக்கினார். ஏறத்தாழ அரை நூற்றாண்டுக்குப் பின் ஒல்லாந்தில் 1607ஆம் ஆண்டு யாகப் டி கெய்ன் வெளியிட்ட படநூல், துப்பாக்கியையும் ஈட்டியையும் கையாளுவதை நூற்றுக்கு மேற்பட்ட தனித்தனி நிலைகளாகப் பிரித்துக் காட்டியது. பின்னாளில் நம் கடற்கரைக் கோட்டைகளைப் பிடித்த ஒல்லாந்தப் படையின் வலிமை தனிவீரத்தில் இல்லை. நூறுபேர் ஒரே கணத்தில் ஒரே அசைவைச் செய்யும் இந்தப் பயிற்சியில் இருந்தது.

யப்பானின் கதை நமக்கு எச்சரிக்கை. 1882இல் ஜூடோவைத் தோற்றுவித்த கானோ ஜிகோரோ ஒரு சீரான வழி கண்டார். ஆபத்தான பிடிகளை வரிசையாகப் பழகுவது, ஆபத்துக் குறைந்தவற்றைத் தடையின்றி ஒருவரோடொருவர் பொருது பழகுவது என்று இரண்டையும் அவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒக்கினாவாத் தீவிலோ வேறொன்று நிகழ்ந்தது. இதோசு அங்கோ 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கராத்தேயைப் பாடசாலைகளுக்குக் கொண்டுவந்தார். சிறுவர்க்கென்று எளிய வரிசைகளை அமைத்தார். 1908இல் கல்வி அதிகாரிகளுக்கு எழுதிய குறிப்பில், இப்பயிற்சி எதிர்காலப் போர்வீரரை உருவாக்க உதவும் என்றும் வாதிட்டார். மேல்நாட்டு உடற்பயிற்சி போலச் சிறுவர் அணியணியாய் நின்று ஒரே கட்டளைக்குக் கை நீட்டினர். கலை பிழைத்தது, அதன் பொருள் மாறியது. இன்று உலகெங்கும், நம் திருகோணமலை மாவட்டத்திலும், நிறப் பட்டிகளுக்காகப் பிள்ளைகள் எடுக்கும் வரிசைகளிற் சில அந்தப் பாடசாலைக் கட்டளையின் பிள்ளைகளே என்பதை அவர்தம் பெற்றோர் அறியார்.

வங்காளத்துக்கு மீண்டும் செல்வோம். வரிசையின் அரசியல் அங்கேதான் முழுமையாகத் தெரிகிறது. 20ஆம் நூற்றாண்டின் முதலாண்டுகளில் சரளா தேவி என்னும் பெண்மணி கல்கத்தாவில் தம் இல்லத்திலேயே பயிற்சிக்கூடம் ஒன்று தொடங்கி, கம்பும் வாளும் கற்பிக்க முர்தாசா என்னும் முஸ்லிம் உஸ்தாதை அமர்த்தினார். முர்தாசாவிடம் கற்றவருள் ஒருவர் புலின் பிகாரி தாஸ். அவர் 1906இல் டாக்காவில் அனுசீலன் சமிதியை அமைத்தார். ஆயிரக்கணக்கான இளைஞர் அங்கே லாட்டி வரிசை பழகினர். ஆங்கிலேயனின் துப்பாக்கிக்கு எதிரே அந்த லாட்டி என்ன செய்தது? நேரடியாக ஏறத்தாழ ஒன்றும் செய்யவில்லை. சமிதியார் விரைவிலேயே கைத்துப்பாக்கியையும் வெடிகுண்டையும் நாடினர். ஆனால் நாள்தோறும் குறித்த நேரத்தில் கூடுவது, கட்டளைக்கு ஒருங்கே அசைவது, களைப்பைத் தாங்குவது, தோழனை நம்புவது ஆகியவற்றை அந்த வரிசை கற்பித்தது. அரசு அஞ்சியது அதற்கே. 1909இல் சமிதி சட்டவிரோதமாக்கப்பட்டது. அவ்வமைப்பிலிருந்து சிறை சென்றோர் பலர் பின்னாளில் மார்க்சியவாதிகளாய் வெளிவந்தனர்.

அதே சமிதியின் மாபெருங் குறையும் வெளிப்படையானது. முஸ்லிம் உஸ்தாதிடம் கம்பு கற்றோர், தம் உறுதிமொழிகளையும் சடங்குகளையும் இந்து சமய வழியில் அமைத்து முஸ்லிம் உழவரை வெளியே நிறுத்தினர். கிழக்கு வங்காளத்தின் உழவருட் பெரும்பாலோர் முஸ்லிம்கள்! காலடியைக் கற்றுக்கொண்டு, காலடி தந்தவனைக் கதவுக்கு வெளியே விட்ட இயக்கம் எவ்வளவு தூரம் நடக்க முடியும்?

1900இல் வடசீனத்துக் குத்துச்சண்டையர் எழுச்சியில் வேறுவகைத் தவறு நேர்ந்தது. வரிசையும் மந்திரமும் சேர்ந்தால் குண்டு துளைக்காது என்று ஏழை உழவர் நம்பினர். அந்நியருக்கு எதிரான அவர்தம் சினம் நியாயமானது. எட்டு நாட்டுப் படைகளின் துப்பாக்கிகள் அந்த நம்பிக்கையைப் பொருட்படுத்தவில்லை. இதற்கு மாறாக, 1946–47இல் மலாயாவின் கெடா மாநிலத்தில் தோட்டத் தமிழர் அமைத்த தொண்டர் படையைக் காண்க. இந்திய தேசிய இராணுவத்திற் பயிற்சி பெற்ற சிலர் அதில் இருந்தனர். அணிவகுப்புப் பழகிய அத்தொழிலாளர் கள்ளுக்கடைகளுக்கு எதிராக நின்றனர். தோட்டத்துரைமார் அதுவரை கண்டது குனிந்த முதுகுகளை. இப்பொழுது கண்டது நிமிர்ந்த வரிசையை. போலீசாரைக் கொண்டு அதை அடக்கினர். மந்திரத்தை நம்பாத வரிசை என்பதால் அது நசுக்கப்பட்ட பின்னரும் தொழிற்சங்க உணர்வாய் எஞ்சியது.

நம் பகுதியில் வரிசை அறுந்ததற்குப் போரும் ஒரு காரணம். 2006இல் மூதூர் மக்கள் பெருந்தொகையாய் இடம்பெயர்ந்தனர்; சம்பூர் மக்களிற் பலர் ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் முகாம்களில் வாழ்ந்தனர். கூடார இடுக்கில் எவன் கம்பு சுழற்றுவான்? கம்போடு சாலையில் நடக்கும் இளைஞன் எந்தச் சோதனைச் சாவடியில் என்ன பதில் சொல்லுவான்? ஒரு தலைமுறை கற்க வேண்டிய ஆண்டுகளில் கற்கவில்லை. எஞ்சிய முதியோரிடம் உள்ளது அலங்கார வரிசை மட்டுமா, இருவர் எதிரெதிர் நின்று பழகும் பாடமும் சேர்ந்தா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும்.

இன்று சூழ்நிலை மாறி வருகிறது. தமிழ்நாட்டில் 2024 ஜனவரியில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டு விழாவில் சிலம்பம் காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. சிறுமியரும் பெருந்தொகையாய்ப் பழகுகின்றனர்; இது முன்னோர் காலத்தில் இல்லாத பேறு. நம் பாடசாலை விளையாட்டுப் போட்டிகளிலும் சிலம்பக் காட்சி வைக்கலாமே என்று ஆசிரியர்கள் கேட்கத் தொடங்கியுள்ளனர். வைக்கலாம். ஆனால் ஐந்து நிமிடக் காட்சிக்கு மாத்திரம் பிள்ளைகளைப் பழக்குவதானால், 1801ஆம் ஆண்டு ஆணை செய்து முடிக்காத வேலையை நாம் செய்து முடித்தவராவோம்.

தமிழ் ஊரின் பிள்ளையும் முஸ்லிம் ஊரின் பிள்ளையும் எதிரெதிர் நின்று பழகினால், எந்த வரிசை எந்தப் பெயரில் எங்கிருந்தது என்பதும் தெரியவரும். அதற்கு முன் செய்யவேண்டியது ஒன்று உண்டு. முதியோர் வரிசை எடுக்கும்போது கைபேசியிற் படம்பிடிக்கும் இளைஞர் பெரும்பாலும் ஒருவரை மட்டுமே நிறுத்திப் பிடிக்கின்றனர். இரண்டாமவரையும் நிறுத்த வேண்டும். ஒவ்வோர் அசைவுக்கும், “இது எந்த அடிக்கு மறுமொழி? அடித்தவன் எங்கே நின்றான்?” என்று கேட்டு, விடையையும் பதிய வேண்டும். விடை தெரிந்தவர்கள் பெரும்பாலும் எழுபது வயதைக் கடந்தவர்கள்.